விளிம்பைப் படிக்கிறவர்

ஆரணியில் பழைய ஜரிகையை வாங்கி எரித்து வெள்ளி எடுக்கிற கடைகள் அப்போது நாலைந்து இருந்தன. அதில் துரைக்கண்ணு கடையில் உருக்குகிற வேலை பவுல்துரைக்கு. கிழிந்த பட்டுப்புடவையின் கரையும் முந்தியும் அடுப்பில் சாம்பலாகும். அந்தச் சாம்பல் மூசைக்குள் போய் அழுக்கைப் பிரிக்கிற வெங்காரத்தோடு கொதித்துக் கடைசியில் ஒரு கட்டி வெள்ளியாக வெளியே வரும். மூசை என்றால் கையகல மண் கிண்ணம்தான். கொலுசு, அரைஞாண், பன்னீர்ச் செம்பு, எது உள்ளே போனாலும் பேர் இல்லாமல்தான் வெளியே வரும் என்று முதலாளி பெருமையாகச் சொல்வார். உள்ளே போவதற்கு முன்னாலேயே பவுல்துரை பேரை எழுதி வைத்துக்கொண்டுவிடுவார்.

எனக்கு அவர்மேல் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததெல்லாம் அதனால் நடந்தது.

நான் கிளை நூலகத்தில் உதவியாளர். அப்போது இருபத்துநாலு வயது. புதுக்கவிதை படிப்பேன், எழுதவும் செய்வேன். எழுதியதைச் சிறுபத்திரிகைகளுக்கு அனுப்பும்போது என் விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டிய கவர் ஒன்றையும் கூட வைக்க வேண்டும். கவிதை அதில்தான் திரும்பி வரும். மாதத்துக்கு இரண்டு தடவை என் கையெழுத்திலேயே எனக்குக் கடிதம் வந்துகொண்டிருந்தது. அதே தபால்காரர், அதே நூலக விலாசத்துக்கு, பவுல்துரை பேரில் ராணியின் தலை போட்ட ஸ்டாம்போடு லண்டன் கடிதமும் கொண்டுவந்து கொடுப்பார். கடைக்குத் தபால் வருவது முதலாளிக்குப் பிடிக்காது என்பதால் நூலக விலாசத்தைக் கொடுத்திருந்தார். பவுல்துரை ஐந்தாவது வரைக்கும் படித்தவர்.

ஊர் வெம்பாக்கம் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி. ஆரணிக்கு வேலைக்கு வந்து மூசைக்கு முன்னால் உட்கார்ந்தவர், நான் பழகத் தொடங்கியபோது இருபத்துமூன்று வருஷமாக அங்கேயே உட்கார்ந்திருந்தார். புருவம் இரண்டும் அனலில் பொசுங்கிப் போயிருக்கும். அதனால் அவர் கோபப்படுகிறாரா ஆச்சரியப்படுகிறாரா என்பது முகத்தைப் பார்த்துத் தெரியாது.

மெடல் விஷயம் தொடங்கியது உரைகல்லில். வெள்ளி அசலா என்று பார்க்க ஒரு பொருளைக் கல்லில் உரசுவார்கள். வட்டமான பொருளுக்கு விளிம்புதான் தோது. ஒருநாள் யாரோ கொண்டுவந்த பட்டாளத்து மெடலை உரசப் போகும்போது விளிம்பைச் சுற்றிப் பொடியாக எழுத்து ஓடுவதைப் பார்த்திருக்கிறார். முதலாளியிடம் காட்டினால், "எழுத்துக்கு எடை கிடையாதுடா, போடு உள்ள" என்றாராம். போட்டுவிட்டார். ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த மெடல் வந்தபோது ஜரிகை சுற்றி வருகிற மெல்லிய தாளை விளிம்பில் ஒட்டிப் பிடித்து, மேலே பென்சிலால் தேய்த்தார். எழுத்து எழும்பி வந்தது. அவர் இங்கிலீஷ் எழுத்து கற்றுக்கொண்டதே அப்படித்தான். பெரிய எழுத்து மட்டும்தான் படிப்பார். மெடல் விளிம்பில் சின்ன எழுத்து வராது.

அந்தத் தாள்களை ஒரு நீளமான நோட்டில் ஒட்டி, பக்கத்தில் தமிழில் எழுதுவார். நம்பர், பேர், எந்தப் பட்டாளம், யார் கொண்டுவந்தார்கள், அவருக்கு இவர் என்ன உறவு. கொண்டுவந்தவர்களிடம் உட்காரவைத்துக் கேட்பார். தெரியாததை முன்னாள் ராணுவத்தினரைத் தேடிப்போய்க் கேட்பார். கடைசியில் 'உருகியது' என்று எழுதித் தேதி போடுவார். எழுபத்தொன்பது கடைசியில் வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தில் ஜனங்கள் பெட்டியைக் கவிழ்த்துக் கொண்டுவந்தார்கள். அந்த ஒரு மாதத்தில் மட்டும் பத்தொன்பது பேர் 'உருகியது'.

என் நோட்டும் நீளமான நோட்டுதான். அதை யாரும் பார்க்கக் கேட்டதில்லை. அவருடையதைப் பார்க்கப் போளூரிலிருந்தெல்லாம் ஆள் வரும்.

ஒருமுறை வந்தவாசியிலிருந்து ஒருவர் துணியில் சுற்றி ஒரு பித்தளை வில்லை கொண்டுவந்தார். தன் கொள்ளுத்தாத்தா வந்தவாசிச் சண்டையில் வெள்ளைக்காரனுக்கு எதிராக நின்றபோது மார்பில் குத்தியிருந்தது என்றார். நூலக வாசலில்தான் அந்தச் சந்திப்பு. பவுல்துரை அதைப் புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

"அண்ணே, இது தாலுக்கா ஆபீஸ் டவாலி வில்லை. உங்க தாத்தா சண்டைக்குப் போவலை. தாசில்தாருக்கு முன்னால நடந்து போயிகீறாரு."

அந்த ஆள் வில்லையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அதுவும் கவர்மெண்டு உத்தியோகந்தானே" என்றார். பவுல்துரையும் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார்கள். அதையே நான் சொல்லியிருந்தால் அறை வாங்கியிருப்பேன். நான் வாயைத் திறந்து எதையும் சொல்கிறவன் இல்லை என்பது வேறு விஷயம்.

எண்பது ஜனவரியில், ஓர் அடகுக்கடைச் சேட்டு கட்டி அனுப்பிய மூட்டையில் ஒரு வெள்ளி மெடல் வந்தது. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒருவன். விளிம்பில் 2714, சாப்பர் பெரியநாயகம் என்று இருந்தது. சாப்பர் என்றால் பட்டாளத்தில் பாலம் கட்டுகிற, பாதை போடுகிற ஆள். முதல் உலக யுத்தத்து மெடல். பவுல்துரை அதை மூசையில் போடவில்லை. எடைக்கு எடை தன் மனைவியின் கொலுசைப் போட்டார்.

"ஏன் அண்ணே இது மட்டும்?" என்று கேட்டேன்.

"மத்ததுக்கெல்லாம் கொண்டாந்தவங்க இருந்தாங்க சார். இவருக்கு யாருமே இல்ல. மூட்டையில வந்தாரு."

வயதில் சின்னவனான என்னை அவர் சார் என்றுதான் கூப்பிடுவார். இங்கிலீஷில் கடிதம் எழுதிக் கொடுப்பதால் வந்த மரியாதை. அன்றைக்கும் அதற்குத்தான் வந்திருந்தார். பழைய மெட்ராஸ் பட்டாளங்களைப் பற்றிய காகிதங்களை வைத்துக்கொண்டு, யார் எழுதிக் கேட்டாலும் பதில் போடுகிற ஒரு ரிட்டயர்டு கர்னல் லண்டனில் இருப்பதாக யாரோ விலாசம் கொடுத்திருந்தார்கள்.

"இவரு இன்னா ஆனாருன்னு கேளுங்க சார். அவ்ளோதான்."

நான் அழகாகவே எழுதினேன். ஒரே கேள்வியோடு கடிதம் மொட்டையாக இருப்பதாகத் தோன்றியது. சொந்த ஊர் எது, வாரிசு யார் என்று நானாகச் சேர்த்தேன். பவுல்துரை பெரியநாயகத்தின் குடும்பத்தைத் தேடுகிறார் என்று எனக்கு நானே முடிவுசெய்துகொண்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

பதிலுக்கு ஒன்றே முக்கால் வருஷம் ஆனது. அதற்குள் அவர் அந்த மெடலுக்கு ரிப்பன் தேடி அலைந்தார். அசல் ரிப்பனில் ஒரு நூல்கூட மிச்சமில்லை. யாரிடமோ கலரைக் கேட்டு எழுதிக்கொண்டு, முள்ளிப்பட்டுக்குப் போய் மிச்சப் பட்டு நூலில் நெய்து வாங்கிவந்து என்னிடம் காட்டினார். நடுவில் ஆரஞ்சு, இரண்டு பக்கமும் வெள்ளை, கறுப்பு, நீலம். விரல் அகலம்.

"அமலின்னு ஒரு பொண்ணு. கரை போடறதுல கெட்டிக்காரி. ரிப்பன் நெய்யணும்னு சொன்னா போதும் சார், எந்த வூட்டுலயும் உள்ள விடுவாங்க."

அதற்கப்புறமும் அடிக்கடி முள்ளிப்பட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் நூலகம் விட்டால் வீடு. தறிச் சத்தம் கேட்காத தெரு ஊரில் இல்லை. ஆனால் எந்தத் தறி வீட்டுக்குள்ளும் நான் போனதில்லை.

எண்பத்தொன்று அக்டோபர் மூன்றாம் தேதி, சனிக்கிழமை, ராணி தலை வந்தது. அவருக்கு வருகிற கடிதத்தை நான்தான் பிரித்துப் படித்துச் சொல்வேன். அன்றைக்கும் பிரித்தேன். கர்னல் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதியிருந்தார். 2714 சாப்பர் பெரியநாயகம், தகப்பன் பேர் சவரிமுத்து, ஊர் ஆரணி தாலுக்கா முள்ளிப்பட்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு பிப்ரவரியில் மெசபடோமியாவில், டைக்ரிஸ் ஆற்றில் படகுப் பாலம் கட்டும்போது வெள்ளத்தில் போனவர், உடல் கிடைக்கவில்லை. ஊருக்குத் தகவல் அனுப்பியதாகப் பதிவு இருக்கிறது, போய்ச் சேர்ந்ததாகப் பதிவு இல்லை. இருபத்திரண்டில் வெள்ளி ஒன்று, வெண்கலம் ஒன்று என்று இரண்டு மெடல்கள் மனைவி சூசைமேரிக்குத் தபாலில் அனுப்பப்பட்டன. வெண்கலத்தில் இறக்கை விரித்த பெண் உருவம் இருக்கும்.

முள்ளிப்பட்டு. ஒன்றே முக்கால் வருஷமாக அந்த ஆள் அதே ஊருக்குப் போய் ரிப்பன் நெய்துகொண்டு வருகிறார், இது தெரியாமல். எனக்குத் தெரியும். ஆரணியில் எனக்கு மட்டும் தெரியும். அன்றைக்கு இருந்த சந்தோஷம் அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை. அது நல்ல சந்தோஷம் இல்லை என்பதும் அப்போதே தெரியும். கடிதத்தை ஒரு கவிதைப் பத்திரிகைக்குள் வைத்தேன். செவ்வாய்க்கிழமை பவுல்துரை வந்து, "லண்டன்காரரு எதுனா...?" என்றார். "இல்லண்ணே" என்றேன். "வயசான மனுசன். பொறுமையா எழுதட்டும்" என்று போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. சைக்கிளை எடுத்துக்கொண்டு முள்ளிப்பட்டுக்குப் போனேன். மாதா கோயில் பக்கத்தில் வெற்றிலைக் கடை வைத்திருந்த ஒருவரிடம், சவரிமுத்து மகன் பெரியநாயகம் குடும்பம் என்று கேட்டேன்.

"யாரு, ஓடிப்போன பெரியநாயகமா? அவன் மக ரோசம்மா வூடு அதோ. பச்சைக் கதவு."

அறுபத்துநாலு வருஷத்துக்கு அப்புறமும் ஊரில் அவர் பேர் அதுதான். ஓடிப்போன பெரியநாயகம்.

ரோசம்மாள் வாசல் பக்கம் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அறுபத்தைந்து இருக்கும். உள்ளே தறிக் குழியில் மருமகள் நெய்துகொண்டிருந்தாள்.

"யாரு, நெசவு சொசைட்டியா?" என்றாள், தலை தூக்காமல்.

"லைப்ரரிங்க."

தறிக் குழியிலிருந்து சிரிப்பு வந்தது. "நாங்க இன்னும் எந்த புக்கும் எடுக்கலியே சார்." அமலி அவள்தான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த வாக்கியங்கள் போய்விட்டன. "உங்க அப்பா பேரு பெரியநாயகங்களா?" என்றேன்.

ராட்டை நின்றது. "அத இப்ப யாரு கேக்கச் சொன்னது?"

"அவரு பட்டாளத்துல இருந்தாரு. உங்க அம்மா பேருக்கு ரெண்டு மெடல் அனுப்பிகீறாங்க. ஒன்னு வெள்ளி. ஒன்னு வெண்கலம், றெக்கை வெச்ச ஒரு பொம்பளை..."

"றெக்கையா?" தறிச் சத்தமும் நின்றது. "அத்தே, நம்ம சம்மனசு."

சம்மனசு என்றால் வேதக்காரர்களுக்குத் தேவதூதர். ரோசம்மாள் என்னை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் சொன்னாள். ரோசம்மாள் பிறக்கும் முன்பே அப்பா பட்டாளத்துக்குப் போய்விட்டார். ஒரு வருஷம் கடிதம் வந்தது, அப்புறம் இல்லை. ரங்கூன் பக்கம் போய் வேறு குடும்பம் வைத்துவிட்டான் என்று ஊரில் பேச்சு. அம்மா சூசைமேரி, அவர் திரும்பி வரவேண்டும் என்று மாதா திருத்தலத்துக்கு நேர்ச்சை வைத்து மணியார்டர் அனுப்பினாள். கொஞ்ச நாளில் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. இங்கிலீஷ் காகிதம் ஒன்று, ராஜா தலை போட்ட பெரிய வெள்ளிக்காசு ஒன்று, சம்மனசு ஒன்று. திருத்தலத்திலிருந்துதான் வந்திருக்கிறது, மாதா, உன் புருஷன் உயிரோடு இருக்கிறான், காவலுக்கு ஆள் போட்டிருக்கிறேன் என்று அனுப்பியிருக்கிறாள் என அவள் நம்பினாள். நேர்ச்சையை வெளியில் சொன்னால் பலிக்காது என்பதால் காகிதத்தை யாரிடமும் காட்டவில்லை. காசு காசுதானே என்று விற்றாள். சம்மனசைத் தறியின் மேல்கட்டையில் கட்டினாள். அறுபத்துமூன்றாம் வருஷம் சாகும் வரைக்கும் தாலியைக் கழற்றவில்லை.

"தெருவுல யாருக்கு வலி எடுத்தாலும் நம்ம சம்மனசுதான் போவும். தலமாட்டுல வெப்பாங்க. வேற சாமி கும்புடறவங்களும் வாங்கிகினு போவாங்க. ஓடிப்போனவன் மகன்னு பேசற வாயி, அன்னிக்கு மட்டும் 'ரோசம்மாக்கா'ன்னு வரும்" என்றாள். "இப்பக்கூட எதிர்வூட்டுல கீது. தேவகிக்கு நேத்திலேர்ந்து வலி."

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். எதிர்வீட்டு வாசலில் நாலு பெண்கள் நின்றுகொண்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். ஒரு கூட்டம் நான் சொல்லப்போவதைக் கேட்க நிற்பது அதுதான் முதல் தடவை. பவுல்துரை எப்படிச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டு, அவர் மாதிரியே குரலை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"அது சம்மனசு இல்லீங்க. சண்டையில செத்தவங்களுக்குக் குடுக்கற மெடல்."

ரோசம்மாள் எழுந்து நின்றாள். "செத்தாரா?"

"ஆமாங்க."

"எங்க? எப்படி?"

கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "லெட்டர்ல இருக்குது... அப்புறமா வரேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, அமலி சொன்னதைப் பின்னால் பவுல்துரை எனக்குச் சொன்னார். செத்தவன் மெடலையா பிள்ளை பெறுகிறவள் தலைமாட்டில் வைத்தோம் என்று எதிர்வீட்டில் கூச்சல். தலையணைக்கு அடியிலிருந்து அதைக் குச்சியால் தள்ளி எடுத்தார்கள். எடுத்த அரைமணி நேரத்தில் தேவகிக்குப் பிள்ளை பிறந்தது. அதற்கப்புறம் யாருக்கு என்ன சந்தேகம் இருக்கும்? மெடலைக் காகிதத்தில் சுற்றிப் பச்சைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, வைத்த இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்கள்.

பதினைந்தாம் தேதி, வியாழக்கிழமை, பவுல்துரை நூலகத்துக்கு வந்தார். மதியம். நாளிதழ் படிக்கிற இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"லெட்டரக் குடுங்க சார்."

எடுத்துக் கொடுத்தேன். அவருக்குச் சின்ன எழுத்து வராது. திருப்பி என்னிடமே நீட்டினார். "படிங்க."

படித்தேன். படகுப் பாலத்தை மட்டும் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். புருவம் இல்லாத முகம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"வூட்டைக் கண்டுபிடிக்கத்தானே அண்ணே நீங்க..." என்று இழுத்தேன்.

"ஆளைத் தேடறேன்னு நான் எப்ப சார் சொன்னேன்? இன்னா ஆனாருன்னுதானே கேக்கச் சொன்னேன். அந்த வூடு எனக்குப் போன வருஷமே தெரியும்."

பெரியநாயகம் என்பது அந்தப் பக்கத்து மாதா பேர், அதனால் முள்ளிப்பட்டு வேதக்காரர் வீடாகத்தான் இருக்கும் என்று ஊகித்து, ரிப்பனைச் சாக்கு வைத்துக்கொண்டு ஒவ்வொரு தறி வீடாகப் போயிருக்கிறார். அமலியின் தறிக் கட்டையில் இறக்கை தெரிந்திருக்கிறது. நல்லா இருக்குதே என்று கையில் வாங்கி விளிம்பைப் பார்த்திருக்கிறார். 2714.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"இன்னான்னு? செத்துட்டாருன்னா? எப்படின்னு கேப்பாங்க. மெடல் வந்ததால செத்துட்டாருன்னு ஆயிடுமா? உசிரோட திரும்பி வந்தவங்களுக்கும் அதே மெடல்தான் சார் குடுத்தாங்க. என் நோட்டுல பாதி பேரு வூட்டுக்கு வந்து புள்ளகுட்டி பெத்து வயசாகிச் செத்தவங்க. அத எப்பவாச்சும் பொரட்டிப் பாத்தீங்களா?"

நான் பார்த்திருந்தேன். பேர்களின் ஓசையைப் பார்த்தேன், பென்சில் நிழலைப் பார்த்தேன். எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

"செத்தவங்க மெடலுன்னு சொல்லிட்டீங்க. அது தெருவுக்குப் பிடிச்சிக்கிச்சு. இனிமே நான் போய் இல்லைன்னா எவன் கேப்பான்." அவர் குரல் உயரவே இல்லை. "அந்தம்மாவுக்குப் பேஜார் ஆயிடுச்சு சார். அப்பனும் போனான், சம்மனசும் போச்சு. எப்படிப் போனாருன்னும் சொல்லாம வந்துட்டீங்க."

"நீங்க போய்ப் படிச்சு..."

"எனக்கு எங்க படிக்க வரும்? நீங்க பாதி சொன்னீங்க. மீதியும் நீங்கதான் சொல்லணும்." எழுந்து நாற்காலியை இருந்த இடத்திலேயே போட்டார். "இனிமே லெட்டரு கடைக்கே வரட்டும். முதலாளிகிட்ட பேசிக்கறேன்."

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். காலைப் பூசையில் சாமியார் அந்த வருஷம் நினைக்க வேண்டிய இறந்தவர்களின் பேர்களைப் படித்தார். ரோசம்மாள் கொடுத்திருந்த சீட்டும் அதில் இருந்தது. 'சவரிமுத்து பெரியநாயகம்' என்று அவர் படித்தபோது கோயிலில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் நின்றேன்.

பூசை முடிந்து எல்லோரும் கல்லறைக்குப் போனோம். சூசைமேரி கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். பவுல்துரை என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கடிதத்தைப் பிரித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். பாலம் வரைக்கும் வந்து, வெள்ளத்தில் போனார் என்றதும் ரோசம்மாள் கையை உயர்த்தினாள்.

"தண்ணியிலயா?"

"ஆமாங்க. பெரிய ஆறு."

"நம்ம ஆத்துல மணலுதானே கீது. எங்கேர்ந்து நீச்சல் கத்துக்கினிருப்பாரு." அமலியைப் பார்த்து அதைச் சொன்னாள். அப்புறம்தான் அழுதாள்.

மிச்சத்தையும் படித்து முடித்தேன். ஓடிப்போகவில்லை என்று கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை. ஆனால் கூடி நின்றவர்களில் வெற்றிலைக் கடைக்காரரும் இருந்தார், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பவுல்துரை பையிலிருந்து வெள்ளி மெடலை எடுத்து ரோசம்மாள் கையில் வைத்தார். அமலி வெண்கலத்துக்கும் ஒரு ரிப்பன் நெய்து வைத்திருந்தாள், வானவில் மாதிரி. பழைய ரிப்பனில் ஒட்டிக்கொண்டிருந்த நாலு இழையை வைத்துக் கலர் பிடித்தாளாம். பிறகு கூட்டம் பவுல்துரையைச் சூழ்ந்துகொண்டது. என் தாத்தா போனாரு, என் மாமன் போனாரு, பேர் சொன்னா தேடுவீங்களா அண்ணே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கடிதத்தை மடித்துக்கொண்டு நான் தனியாக நின்றேன். படித்தது நான். அவர்களுக்கு அது கேட்டது அவர் குரலில்தான். அந்த நிமிஷத்திலும், அந்தக் கல்லறையிலும், எனக்குள் வந்தது அதே பொறாமைதான். அதற்கு வெட்கம் கிடையாது.

ஊர் அதற்கப்புறம் 'பட்டாளத்துப் பெரியநாயகம்' என்று சொல்லக் கற்றுக்கொண்டது. ஆனால் பச்சைக் கதவைத் தட்டி யாரும் சம்மனசைக் கேட்கவில்லை. வலி எடுத்தால் வேறு ஏதோ திருத்தலத்துச் சுரூபம் ஒன்று வீடு வீடாகப் போய்வந்தது. அடுத்த வருஷம் அமலிக்கு வலி எடுத்தபோது, வேண்டாம் என்று எல்லோரும் தடுத்தும் ரோசம்மாள் இரண்டு மெடல்களையும் கொண்டுபோய் அவள் தலைமாட்டில் வைத்தாளாம். "எங்கப்பன்தானே, கொள்ளுப்பேரனைப் பாக்க வரட்டும்" என்றாளாம். பேத்தி பிறந்தது. பவுல்துரை சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். பேச்சை அவர் நிறுத்தவில்லை. கடிதத்தை மட்டும் நிறுத்திக்கொண்டார். கடை விலாசத்துக்கு வந்ததை யாரிடம் கொடுத்துப் படித்தார் என்று நான் கேட்டதில்லை. அந்த யாரோ மேலும் எனக்குப் பொறாமைதான்.

எண்பத்தாறில் அவருக்குக் கண் மங்கிவிட்டது. முப்பது வருஷ அனல். முதலாளி வேறு ஆளை மூசைக்கு வைத்துவிட்டு, பவுல்துரையை வாசலில் எடை போட உட்கார வைத்தார். ஒருநாள் நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "வூட்டுல கரையான். இங்க அலமாரியில கெடக்கட்டும் சார். யாருனா கேட்டா காட்டுங்க."

அவர் போனதும் புரட்டினேன். இந்தத் தடவை படித்தேன். நூற்று நாற்பத்தோரு பேர். பெரியநாயகத்தின் பக்கத்தில் 'உருகியது' இல்லை. கோணல்மாணலான கையெழுத்தில், ஊர், தகப்பன், ஆறு, பாலம் எல்லாம் இருந்தது. கீழே இப்படி:

'கடிதம் லைப்ரரிக்கு வந்த நாள் 3.10.81. என் கைக்கு வந்த நாள் 15.10.81. நடுவில் 9ஆம் தேதி ரோசம்மாளுக்குப் பாதி சேதி போய்விட்டது. மீதி 2.11.81.'

யார் என்று எழுதவில்லை. ஏன் என்றும் இல்லை. பன்னிரண்டு நாளாக நான் செய்ததும், அதனால் ஒரு தெரு செய்ததும் அந்த மூன்று வரியில் இருந்தது. ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு நூலகம் மூடுகிற நேரம் வரைக்கும் பார்த்தேன்.

அலமாரியின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், என் கவிதை வந்த ஒரே பத்திரிகைக்குப் பக்கத்தில் நோட்டை வைத்தேன். அடுத்த வாரம் செய்யாறிலிருந்து ஒருவர் வந்து அலமாரியைக் காட்டி, "அதைக் கொஞ்சம் எடுங்க சார்" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை.